காமலாபுரம்–வாகைக்குளம், ஐம்பத்து நான்கு நிமிடம்

வசந்தகுமாரி விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் நாளைக்கு இருபது தடவையாவது பறந்துவிடுவாள். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்க்கும் அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், ஆறு நாற்காலி, மூலையில் ஒரு தண்ணீர் கேன். கீழே வேம்புலி லேத்தை ஓட்ட ஆரம்பித்தால் மேலே தரை மெல்ல அதிரும். மற்றவர்களுக்கு அது தொல்லை. வசந்தகுமாரிக்கு அப்போதுதான் விமானம் ஓடுபாதையில் கிளம்பும்.

பயணத் தகவல் தரும் ஓர் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. எந்த இரண்டு விமான நிலையங்களை எடுத்தாலும், நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தமிழில் ஒரு பக்கம் வேண்டும். தூரத்தைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடும். நேரத்துக்கு ஒரு கணக்கு: தூரத்தை எண்ணூற்று ஐம்பதால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே உண்மையில் விமானம் ஓடுகிறதா என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை.

பக்கத்துக்கு நூற்றிருபது சொல்லாவது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தூரமும் நேரமும் முப்பது சொல்லில் தீர்ந்துபோகும். மீதியை எல்லோரும் இனிய பயணம், பாதுகாப்பான பயணம் என்று ரொப்பினார்கள். ஒரே மாதிரி இருந்த பக்கங்கள் எல்லாம் திரும்பி வந்தன. முதல் மாதத்தில் பக்கத்து நாற்காலி ஜெபாவுக்கு மட்டும் எழுபது பக்கம் திரும்பியது. வசந்தகுமாரிக்கு ஒன்றும் வரவில்லை. அவள் ஜன்னலை எழுதினாள்.

வரைபடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கோடு இழுப்பாள். கோட்டுக்குக் கீழே எந்த ஆறு, எந்த மலை, எந்த ஏரி என்று பார்த்துக்கொள்வாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். தரை அதிரும், உடம்பு லேசாகும், காதுக்குள் பஞ்சு வைத்ததுபோல் ஆகும். கண்ணைத் திறந்ததும் எழுதுவாள்: இருபதாவது நிமிடத்தில் வலப்பக்கம் ஒரு மலை, அதன் முதுகில் மேக நிழல் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்காத மலைக்கு நிழல் மட்டும் எப்படியோ சரியாக விழுந்துவிடும்.

"எக்கா, இன்னிக்கு எங்க எறங்குனீங்க?" என்பாள் ஜெபா.

"இன்னும் எறங்கல. பெல்ட்டே கழட்டல."

"சாப்பாடு குட்த்தாங்களா?"

"உன்ன மாதிரி பக்கத்துல ஒருத்தி உக்காந்திருந்தா. எனக்கும் சேத்து அவளே துன்னுட்டா."

ஆவடியில் டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்தவள் வசந்தகுமாரி. அந்த வரிசை வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் சொந்த ஊர் என்று ஒவ்வொரு மாவட்டம் இருந்தது. மே மாதம் வந்தால் எல்லா வீடும் பூட்டிக்கொண்டு ரயிலேறிப் போய்விடும். அவள் அப்பா மட்டும் ஓவர்டைம் பார்ப்பார். ஆளில்லாத தெருவில் அவளும் தங்கையும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து அந்தந்த ஊருக்குப் போய் வருவார்கள். மூன்றாம் எண் வாசல் கோவில்பட்டி. ஏழாம் எண் வேலூர். ஜூன் மாதம் திரும்பி வரும் பிள்ளைகள் ஏதாவது சொன்னால், "அதான் தெரியுமே" என்பாள். தமிழ் டைப்பிங்கில் ஹையர் முடித்தாள். ஓர் ஏற்றுமதி கம்பெனியில் எட்டு வருஷம், கொரட்டூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் ஆறு வருஷம் வேலை. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் கோவிந்தராஜைக் கட்டிக்கொண்டு பட்டாபிராமில் குடித்தனம். மகள் ஷர்மிளா பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, பகலில் வீட்டில் இருக்க அவசியமில்லாமல் போனது. இந்த நாற்காலிக்கு வந்து நான்கு வருஷம். இதுவரை இருபதாயிரத்துக்கு மேல் ஜன்னல்கள்.

இணையதளத்தின் வாசகர் பெட்டியைத் திறந்து பார்ப்பதும் அவள் பொறுப்புதான். பெரும்பாலும் குப்பை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதில் ஒரு கடிதம் இருந்தது.

"ஐயா, வணக்கம். சேலம்–தூத்துக்குடி விமானம் குறித்துத் தாங்கள் எழுதியதை வாசித்தேன். தூரம் முந்நூற்று நாற்பது கி.மீ., நேரம் ஐம்பத்து நான்கு நிமிடம் என்று கண்டுள்ளீர்கள். என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்துள்ளது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் தூத்துக்குடியில் புகுந்த வீட்டிலேயே ஆகிவிட்டது. வரும் ஞாயிறு பெயர் வைக்கிறார்கள். விமானம் உண்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் நேரில் போய் வந்தவர் போல் வைகையையும் சிறுமலையையும் தாங்கள் எழுதியிருப்பதால் சந்தேகம் தீர்ந்தது. வெள்ளி காலை காமலாபுரம் நிலையத்துக்கு வந்துவிடுகிறோம். பயணச்சீட்டு அங்கேயே கிடைக்குமா? வைகை தெரியும் பக்கம் என் மனைவிக்கு இடம் வேண்டும். இப்படிக்கு, சுப்பராயன், கூட்டுறவு சங்கச் செயலாளர் (ஓய்வு), ஓமலூர்."

கீழே கைபேசி எண் இருந்தது.

வசந்தகுமாரி தன் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியது. பன்னிரண்டாவது நிமிடத்தில் காவிரி, வெயிலில் தகரம்போல் மின்னும். அப்புறம் சிறுமலை. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் இடப்பக்கம் மதுரை, நடுவே வைகை. கடைசியில் உப்பளங்கள், தரையில் யாரோ கண்ணாடிகளை அடுக்கி வைத்ததுபோல். அத்தனையும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த விமானத்தில் அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள்.

சேலத்தின் காமலாபுரத்திலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளத்துக்கு நேரடி விமானம் இல்லை. ஐந்து நிமிடம் தேடியதில் அது தெரிந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்பும் ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

வாசகருக்குப் பதில் போடக் கூடாது என்பது அலுவலக விதி. அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"ஐயா, நீங்க கடுதாசி எழுதியிருந்தீங்க. அந்தப் பக்கத்த எழுதினது நான்தான்."

"அடடே, வணக்கங்க. சொல்லுங்க. சீட்டு கெடைக்குங்களா?"

"விமானம் இல்லீங்க."

"வெள்ளிக்கிழமை இல்லீங்களா? சனிக்கிழமை வந்தாலும் சரிதான்."

"என்னைக்குமே இல்லீங்க. நான் கணக்குப் போட்டு எழுதினது. போனா இவ்ளோ நேரம் ஆகும்னு. போறதில்லீங்க."

மறுமுனையில் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது. பிறகு சுப்பராயன் நிதானமாகக் கேட்டார்: "அப்ப அந்த வைகை?"

"மேப்ப பாத்து எழுதினேன்."

"நீங்க எப்பவாச்சும் பிளேன்ல போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நாப்பது வருசம் சங்கத்துல தீர்மானம் எழுதினவன் நான். கூடாத கூட்டத்தக் கூடினதா ஒரு தடவை எழுதினதில்ல" என்றார் அவர். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

போன் கை மாறியது. "ஏங் கண்ணு, நாந்தான் அஞ்சலை பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். படுத்துக்கொண்டு பேசுகிற குரல். "தலைப்பிரசவம், நாங்க அழைச்சு வந்து பாத்திருக்கோணும். எம் முதுகு சதி பண்ணிருச்சு. இப்ப பேரு வெக்கறதுக்கும் போவாம இருந்தா, அவிங்க ஊட்டுல என் பொண்ணு எப்படித் தல நிமுந்து நிப்பா, சொல்லு. பிளேன்னா சக்கர நாற்காலியோட ஏத்திருவாங்கன்னு இவரு சொன்னாரு."

"ரயிலு?"

"அந்தப் படிய நான் ஏறவா? கால் தூக்கினாலே உசுரு போவுது."

"படுத்துக்கினே போற மாதிரி ஆம்புலன்ஸ்..."

"பேரு வெக்கப் போறவ ஆம்புலன்ஸ்ல போயி எறங்கறதா? அவிங்க ஊட்டுக்காரங்க வாசல்லயே அழுவ ஆரம்பிச்சிருவாங்க." அஞ்சலை சிரித்தாள். சிரிப்பின் நடுவே வலித்திருக்க வேண்டும், மூச்சை இழுத்தாள். "பரவால்ல விடு. எழுதினத நல்லாத்தான் எழுதியிருக்க. நாலு நாளா இவரு படிச்சுப் படிச்சுக் காட்டினாரு."

அன்று மதியம் அவள் எதுவும் எழுதவில்லை. லேத் அதிர்ந்தது. அவள் நாற்காலி தரையிலேயே இருந்தது.

சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறினாள். அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர். வழக்கமாக இந்த அரை மணியில் ஒரு கண்டத்தையே தாண்டுவாள். இன்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அந்தந்தப் பெயரோடு வந்து நின்றது.

கோவிந்தராஜ் சாப்பிட உட்கார்ந்தவர், அவள் தட்டைப் பார்த்தார். "இன்னா வசந்தா, துன்னாம எங்க பறந்துகினு கீற?"

சொன்னாள். அவர் ரசத்தைக் குடித்து முடித்தார்.

"காரு கீதா அவங்களுக்கு?"

"வாடகைக் கார் எடுப்பாங்க. ஆறரை மணி நேரம்பா. ஒரு மணிக்கு மேல உக்காரக் கூடாது."

"உக்காரத்தான கூடாது. போவக் கூடாதுன்னா சொன்னாங்க? நம்ம ஆட்டோல டெய்லி ஒரு அம்மா வருது, கரையான்சாவடி. இடுப்புல பிளேட்டு. பாதி வழில எறங்கி நின்னுட்டுத்தான் மறுபடி ஏறும். எவனாச்சும் மொணகுனா நான் ஒரு மொற மொறைப்பேன்." கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அம்பது நிமிசம் ஓட்டு. எறக்கி ஒரு மணி படுக்க வை. மறுபடி ஓட்டு. ரெண்டு நாளு ஆவுமா? ஆவட்டும். கொளந்த எங்க ஓடிறப் போவுது?"

"எங்க படுக்க வைக்கிறது?"

"அத நீ சொல்லு. ஒலகத்துல எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்ளோ தூரம்னு நீதான எழுதிகினு கீற."

புதன்கிழமை காலை மறுபடி ஓமலூருக்குப் பேசினாள். சுப்பராயன் பிடி கொடுக்கவில்லை. "இதுவும் கணக்குங்களா?" என்றார். "ஒவ்வொரு எடத்துக்கும் நானே போன் போட்டுப் பேசிட்டுச் சொல்றேங்க. பேசாத எடத்தச் சொல்ல மாட்டேன்" என்றாள். பின்னாலிருந்து அஞ்சலை "செரின்னு சொல்லுங்க" என்பது கேட்டது.

நாமக்கல்லில் சங்கத்துக்காரர் ஒருவர் வீடு இருந்தது. அதைச் சுப்பராயனே பார்த்துக்கொண்டார். மற்ற ஊர்களுக்கு வசந்தகுமாரி லாட்ஜ் லாட்ஜாகக் கூப்பிட்டாள். தரைத்தளத்தில், படியில்லாமல், கட்டையான மெத்தையோடு ஓர் அறை வேண்டும். கரூரில் முதலில் எடுத்தவர் எத்தனை நாளைக்கு என்றார்.

"ஒரு மணி நேரத்துக்குத்தாங்க."

"ஒரு மணி நேரத்துக்கா?"

"ஆமாங்க. பகல்லதான். ரெண்டு பேரு."

"அந்த மாதிரி எடம் இதில்லம்மா. குடும்பங்க வந்து தங்கற லாட்ஜு. பேச்சப் பாத்தா பெரிய மனுசியாட்டம் இருக்க" என்று வைத்துவிட்டார்.

ஜெபா மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். "எக்கா, இன்னொரு தபா அடிங்க. ரெண்டு பேருக்கும் பேரன் பொறந்துட்டான்னு மொதல்லயே சொல்லிருங்க."

அடுத்த லாட்ஜில் அப்படியே சொன்னாள். அந்த மேலாளரின் அம்மாவுக்கும் முதுகு வலியாம். எந்த டாக்டர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, நாற்காலியை வாசல்வரை கொண்டுவரச் சொல்கிறேன் என்றார்.

மாலைக்குள் முகமது ஆசிக்குக்குத் தெரிந்துவிட்டது. அந்த அலுவலகம் அவனுடையது. முப்பத்திரண்டு வயது, வசந்தகுமாரியை அக்கா என்பான், ஆனால் கணக்கில் கறார். நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டான்.

"இன்னாக்கா, ஆபீஸ் டைம்ல லாட்ஜு லாட்ஜா கூப்புடுறீங்களாம். ஜெபா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."

அவள் கடிதத்தைக் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"ஜன்னல் நல்லா கீதுன்னு சொன்னதே நான்தான். வெப்சைட் பார்ட்டிகிட்ட சேம்பிள் காட்டினதே ஒங்க பக்கந்தான்" என்றான். "எத்தினி பக்கத்துல இந்த மாதிரி?"

"நேரா விமானம் இருக்கறது போக, பதினஞ்சாயிரம் வரும்."

"பதினஞ்சாயிரமா." தாடையைச் சொறிந்துகொண்டான். "சரி, மொதல் வரியில நேரடி விமானம் இல்லைன்னு போட்டுருவோம். பார்ட்டிக்கு நான் பேசிக்கிறேன். ஜன்னல் இருந்துட்டுப் போவட்டும், எடுத்தா சொல்லு கொறையும்."

"ஜன்னல் இருந்தா மொதல் வரிய யாரு நம்புவாங்க?"

அவன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். போகும்போது, "டெய்லி இருபது புதுசு கொறையாம பாத்துக்கங்க" என்றான். எடுக்கலாம் என்பதை அவன் அப்படித்தான் சொல்வான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓமலூரிலிருந்து கார் கிளம்பியது. ஓட்டுநர் பாபு என்பவர், சுப்பராயனுக்குத் தெரிந்தவர். நிறுத்தும் இடத்திலெல்லாம் சுப்பராயன் போன் செய்தார், தீர்மானம் படிப்பது போல. "நாமக்கல். நாப்பத்தெட்டு நிமிசம். படுத்தாச்சு." "கரூர். லாட்ஜுக்காரர் நல்ல மனுசன். டாக்டர் நம்பர் இன்னொருக்கா கேட்டாரு." அவளுக்கு வரைபடத்தில் புள்ளியாய் இருந்த ஊர்களில் இப்போது மின்விசிறி சுற்றியது, சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது, வாளியில் தண்ணீர் சொட்டியது. நடுவே கிடைத்த நேரத்தில் பழைய பக்கங்களைத் திறந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாய் எடுத்தாள். எடுக்கும் முன் ஒரு தடவை படிப்பாள். மேக நிழல் மலை முதுகில் ஏறும், இறங்கும். பிறகு அழித்துவிட்டு, அந்த இடத்தில் எந்த ஊரில் இறங்கி எந்தப் பஸ் மாற வேண்டும் என்று விசாரித்து எழுதுவாள். ஒரு பக்கத்துக்கு அரை மணிக்கு மேல் ஆனது.

இரவு திண்டுக்கல்லில் தங்கினார்கள். சனிக்கிழமை மதுரையில் படுத்தெழுந்து கிளம்பி, பாலத்தைத் தாண்டும்போது அஞ்சலையே பேசினாள். காருக்குள் காற்றுச் சத்தம்.

"கண்ணு, வைகையில தண்ணியக் காணோம். புல்லு மொளைச்சு, நாலு எரும நிக்குது. இந்தா, ஒண்ணு என்னைப் பாக்குது."

"எழுதினதுல எரும இல்லீங்களே."

"அதான் சொல்றேன், எழுதிக்க."

அடுத்து அருப்புக்கோட்டையில் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு முன்னறையை ஒழித்து வைத்திருந்தார். ஜமீலா என்று அவர் மனைவி பேசியிருந்தார், வெந்நீர்ப் பைகூட இருக்கிறது என்று. பதினொன்றரைக்கு வரவேண்டிய போன் வரவில்லை. பன்னிரண்டுக்கு ஜமீலாவே கூப்பிட்டு, "இன்னும் வரலியேம்மா, பாய் விரிச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்கேன்" என்றார். சுப்பராயனின் போன் எடுக்கப்படவில்லை. வசந்தகுமாரி நாலு தடவை முயன்றாள். சாலை ஓரம் ஏதோ ஒரு மரத்தடியில் கார் நிற்பது தெரிந்தது. அஞ்சலையை இறக்க முடியாமல் அந்த மனிதர் கையைப் பிசைகிறார். பாபு ஓடிப்போய் யாரையோ கூப்பிடுகிறார். கண்ணைத் திறந்துகொண்டே அத்தனையும் பார்த்தாள். இதுவும் வரைபடத்தைப் பார்த்து எழுதுவதுதான் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் ஐந்தாவது தடவையாக அதே எண்ணை அழுத்தினாள்.

ஒன்றேகாலுக்கு போன் வந்தது.

"வந்து சேந்துட்டோம்" என்றாள் அஞ்சலை. மெல்லிய குரல்.

"அருப்புக்கோட்டையில..."

"நிறுத்த வேண்டாம்னுட்டேன். இன்னும் ஒன்ற மணி நேரத்துல புள்ளயப் பாத்தரலாம்னு அந்த டிரைவர் தம்பி வாய விட்டுருச்சு. அப்பறம் எப்படிப் படுக்கறது? இவரு கத்தினாரு. போனப் புடுங்கி என் முதுகுக்கு அடியில வெச்சுக்கிட்டேன். அந்தப் பாய் ஊட்டம்மா காத்திருக்கும், நீ ஒரு வார்த்த சொல்லிரு."

"வலிக்குதுங்களா?"

"வலிக்காம இருக்குமா? கார விட்டு எறங்கினவ அப்படியே கட்டில்ல விழுந்தவதான். மருமவன் டாக்டரக் கூட்டியாரப் போயிருக்காரு. பத்து நாளு எந்திரிக்கக் கூடாதும்பாங்க, பாரு. சம்பந்தியம்மா வாய்க்கு இனி அவலு பஞ்சமில்ல." மூச்சு வாங்கினாள். "புள்ளயத் தூக்க முடியல. எம் பக்கத்துல போட்டிருக்காங்க. காது மட்டும் இவரு காது. மத்ததெல்லாம் யாருதுன்னு இன்னும் பாக்கல."

வசந்தகுமாரிக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அவள் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு பறந்த அந்த ஐம்பத்து நான்கு நிமிடத்துக்கு, இந்தப் பொம்பளை ஒன்றரை நாளும் ஒரு முதுகும் கொடுத்திருக்கிறாள். அவளிடம் எதைச் சொல்லிக் கோபிப்பது?

"திரும்பறப்ப நான் சொல்ற எடத்துல நிறுத்தணும்" என்றாள்.

"நிறுத்தறேன். அப்ப அவசரமில்லையே" என்றாள் அஞ்சலை. அப்புறம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். உப்பு வெள்ளை, வெயில், கண்ணு கூசுது என்று இரண்டு சொல் வந்தது. மற்றதெல்லாம் இழுபட்டு, மூச்சாகிப் போனது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மூச்சு, சின்னது, மூக்கடைத்தாற்போல் வேகமாக வந்துகொண்டிருந்தது.

கீழே லேத் நின்றிருந்தது. வேம்புலி சாப்பிடப் போயிருப்பார். வசந்தகுமாரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தூங்கிட்டாங்க" என்றார் சுப்பராயன், போனுக்கு மிக அருகில் வந்து, ரகசியமாக. "வெச்சிரட்டுங்களா?"

"கொஞ்ச நேரம் ஆகட்டுங்க" என்றாள்.